பையன் எதையும் கேட்பதில்லை: பொறுப்பா, பயமா?

வீட்டில் வருமானம் நின்றதைப் பையனிடம் சொல்லலாமா, அவன் எதையும் கேட்காமல் இருப்பது பொறுப்பா பயமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மறைக்காதீர்கள், இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தேயிலை ஃபேக்டரி மூடி அப்பா வீட்டில் இருப்பது, கோத்தகிரி மாதிரி ஊரில் எட்டாவது படிக்கிற பையனுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஸ்கூல் டூர் நோட்டீஸை உங்களிடம் காட்டாமல் ஜியாமெட்ரி பாக்ஸில் மடித்து ஒளித்தான் என்கிறீர்களே, அது பெரும்பாலும் பயம். ராத்திரி நீங்கள் பேசுவது அரைகுறையாகக் காதில் விழும்; மீதியை அவனே கற்பனை செய்துகொள்வான்.

ஒன்று செய்து பாருங்கள். வாடகை, கேஸ், அரிசி, கையிருப்பு என்று மாதக் கணக்கை அவன் முன்னால் எழுதி, எதைக் குறைக்கலாம் என்று அவனையே கேளுங்கள். “கேபிள் வேண்டாம், ஃபுட்பால் கோச்சிங் மட்டும் இருக்கட்டும்” என்று பேரம் பேசினால் பக்குவப்படுகிறான். “எனக்கு எதுவுமே வேண்டாம்” என்றால் பயம் இன்னும் போகவில்லை. (கஷ்டம் பிள்ளையைத் தானாக வளர்க்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கூட உட்கார்ந்து பேச ஆள் இருந்தால்தான் வளர்க்கும்.)

ஞாயிற்றுக்கிழமை கேரட் கழுவப் போகிறேன் என்கிறானே, அது வேண்டாம். 14 வயதுக்குள் கூலி வேலைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஸ்கூல் விட்டு வந்து வீட்டில் கொஞ்சம் கை கொடுக்கட்டும், போதும். கடன்காரர் வந்தால் “அப்பா இல்லை” என்று சொல்ல அவனை வாசலுக்கு அனுப்பாதீர்கள்.

தூக்கமும் சாப்பாடும் குறைந்துகொண்டே போனால் வகுப்பு டீச்சரிடம் பேசுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம், இலவசம்தான்.