வெட்டினால் பால் கசியும் காட்டுக்காளானை உண்ணலாமா?

கேள்வி: வார இறுதியில் நண்பர்களுடன் மலையேறச் செல்லும் என் மாமனார், மெரந்தி மரங்களின் அடியில் முளைத்திருந்த பழுப்பு நிறக் காளான்கள் சிலவற்றைக் கொண்டு வந்தார். குடையின் அடிப்பக்கத்தைக் கீறியதும் வெள்ளைப் பால் துளிர்த்தது. பால் வரும் காளானில் விஷம் இருக்காது என்றும், பூண்டும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்து நிறம் மாறாவிட்டால் சமைக்கலாம் என்றும் என் மாமியார் சொல்கிறார். தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் அவர் பேச்சை மறுக்கத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கெப்போங், கோலாலம்பூர்

பதில்: அவற்றைச் சமைக்க வேண்டாம். உங்கள் மாமியாரின் அனுபவத்தைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. தோட்டத்து மக்கள் மழைக்குப் பின் தேடிப் பறித்தவற்றில் முதன்மையானது கறையான் புற்றை ஒட்டி முளைக்கும் புற்றுக்காளான். அந்த அறிவு அந்தக் காளானுக்கு மட்டுமே உரியது. உங்கள் வீட்டுக்கு வந்திருப்பதோ, நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், லேக்டேரியஸ் அல்லது லேக்டிஃப்ளூயஸ் பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். இவை மெரந்தி, கெருயிங் போன்ற காட்டு மரங்களின் வேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்துபவை. பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்துக்கும் செம்பனைக்கும் இவற்றோடு அத்தகைய உறவு இல்லாததால், தோட்டத்துப் பெரியவர்கள் இவற்றைப் பறித்துப் பழகியிருக்க வாய்ப்புக் குறைவு. தமிழ்நாட்டுப் பண்ணைகளில் வளர்க்கப்படும் பால் காளானும் இதுவும் வேறு வேறு. அதன் வெள்ளை நிறத்தால் வந்த பெயர் அது, கீறினால் அதில் பால் வராது.

பால் கசிவது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதைத்தான் காட்டும்; உண்ணத் தக்கதா என்பதைக் காட்டாது. இன்னோர் அடையாளத்தையும் சேர்த்துப் பாருங்கள். இவற்றின் தண்டு நாராகக் கிழியாமல் சுண்ணக்கட்டி போலப் பட்டென்று ஒடியும். சதையில் நீண்ட இழைகளுக்கு இடையே உருண்டைச் செல்கள் திரளாக இருப்பதே அதற்குக் காரணம். பிறகு புதிய காளான் ஒன்றின் செவுளை, அதாவது குடையின் அடியில் உள்ள மெல்லிய மடிப்பை, விளிம்போரமாகக் கீறி, துளிர்க்கும் பாலை வெள்ளைத் தாளில் ஒற்றி, அரை மணி நேரம் வரை கவனியுங்கள். சிலவற்றின் பால் வெள்ளையாகவே இருக்கும். சிலவற்றில் மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாறும். லேக்டிஃப்ளூயஸ் வோலெமஸ் என்னும் இனத்தில் பழுப்புக் கறை படிவதோடு மீன் வாடையும் வீசும். தொடக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்திலோ நீல நிறத்திலோ பால் சுரக்கும் இனங்களும் உண்டு. குடையில் வட்ட வட்டமாகக் கோடுகள் உள்ளனவா, விளிம்பில் மயிர் உள்ளதா, அருகில் நின்றது என்ன மரம் என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் முடிவு எளிதன்று. ஐரோப்பாவில் பைன் மரங்களுக்கு அடியில் முளைக்கும் லேக்டேரியஸ் டெலிசியோசஸ் விரும்பி உண்ணப்படுகிறது. பிர்ச் மரத்தடியில் முளைக்கும் லேக்டேரியஸ் டார்மினோசஸ் என்னும் இனமோ வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஆனால் பின்லாந்து மக்கள் அதை வேக வைத்து, நீரைக் கொட்டிவிட்டு உண்கிறார்கள். அப்படியானால் வேக வைத்தால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் அதே போல நெடுங்காலம் உண்ணப்பட்டு வந்த லேக்டேரியஸ் டர்பிஸில், மரபணுவைப் பாதிக்கக்கூடிய நெக்கட்டோரின் என்னும் பொருள் இருப்பது பின்னர்க் கண்டறியப்பட்டது. கொதிநீர் எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது. மேலும், இவை ஐரோப்பிய இனங்கள். நம் வெப்பமண்டலக் காட்டு இனங்களை ஐரோப்பியப் படக் கையேட்டை வைத்தோ கைப்பேசிச் செயலியை வைத்தோ பெயரிட்டு அடுப்பில் ஏற்றுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

பால் சுரக்கும் காளான் முதிர்ந்தோ காய்ந்தோ போனால் பால் வராமல் போகும். அப்போது அதே குடும்பத்தைச் சேர்ந்த ருசுலா காளான்களிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். அவற்றில் ருசுலா சப்நிக்ரிக்கன்ஸ் என்னும் இனம் தசைகளைச் சிதைத்து, ஜப்பானிலும் சீனாவிலும் உயிர்களைப் பறித்திருக்கிறது. பூண்டு, மஞ்சள், வெள்ளிக் கரண்டி ஆகிய எதுவும் காளான் நஞ்சைக் கண்டு நிறம் மாறுவதில்லை. பூச்சியும் நத்தையும் தின்றிருப்பதும் சான்றாகாது; அவற்றுக்கு ஒத்துக்கொள்வது நம் ஈரலுக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமென்பதில்லை.

பெயரை அறியும் ஆவல் இருந்தால், அடித்தண்டோடு கூடிய முழுக் காளானைக் காகிதப் பையில் வைத்து, படங்களுடன் உங்கள் ஊரிலேயே உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தில் விசாரியுங்கள். நெகிழிப் பையில் வைத்தால் விரைவில் அழுகிவிடும். ஒதுக்கப்பட்ட வனங்களில் உரிமமின்றி எதையும் பறிப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் மாமனாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிப் புல்வெளியில் மழைக்குப் பின் பெரிய வெள்ளைக் காளான்கள் முளைக்கின்றன. இவையும் பால் வகைதானா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: திறந்த புல்வெளியில், வேரோடு உறவு கொள்ள ஏற்ற மரம் அருகில் இல்லாத இடத்தில், பால் கசியும் காளான்களை எதிர்பார்க்க இயலாது. குடையை வெள்ளைத் தாளில் செவுள்கள் கீழே இருக்குமாறு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். செவுள்களிலிருந்து உதிரும் வித்துத் தூள் பச்சை நிறமாகப் படிந்தால் அது குளோரோஃபில்லம் மோலிப்டைட்ஸ். உண்ட சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரும். வெள்ளைத் தூள் படிந்தால் உண்ணலாம் என்றும் பொருளில்லை, ஏனெனில் உயிர்க்கொல்லியான அமானிட்டா இனங்களின் தூளும் வெள்ளைதான். குழந்தைகள் விளையாடும் இடமென்றால் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டுக் கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காட்டுக்காளானை உண்டவருக்கு அன்று ஒன்றும் நேரவில்லை என்றால் கவலையின்றி இருக்கலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இருக்கக் கூடாது. மிகக் கொடிய அமானிட்டா நஞ்சு, பெரும்பாலும் 6 மணி முதல் 24 மணி நேரம் வரை எந்த அறிகுறியும் காட்டாது. பிறகு வயிற்றுப்போக்கு வந்து, ஓரளவு தணிந்து, உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும் வேளையில் ஈரல் சிதைந்துகொண்டிருக்கும். ஆகவே அறிகுறி தாமதமாகத் தோன்றுவதை ஆபத்தின் அடையாளமாகவே கொள்ள வேண்டும். வாந்தி எடுக்க வைப்பது, புளிக்கரைசல் கொடுப்பது போன்ற கைவைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். சமைக்காத மிச்சம், சமைத்த மிச்சம், குப்பையில் போட்ட துண்டு என எது கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள். உண்ட நேரத்தையும் உடன் உண்டவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்திடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்க முடியும். உங்கள் கையிலுள்ள அந்த மிச்சத் துண்டு அப்போது அவர்களுக்குப் பெரிதும் உதவும்.