யோஷிடா ஹிரோஷியின் ‘பாய்மரப் படகுகள்’: ஒரே படம் எப்படி ஆறு நிறத்தில் இருக்கிறது?

ஜப்பானிய ஓவியர் யோஷிடா ஹிரோஷியின் ‘பாய்மரப் படகுகள்’ காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று ஆறு விதமாகக் கிடைக்கிறதே, எது அசல் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுமே அசல்தான். 1926-இல் ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலை வைத்து அவர் செய்த மர அச்சு வரிசை இது; அதாவது மரப் பலகையில் செதுக்கி, வண்ணம் தடவி, தாளில் பதித்த படங்கள். கோடுகளைச் செதுக்கிய பலகை ஒன்றே. மேலே ஏற்றும் வண்ணம்தான் மாறுகிறது.

காலைப் படத்தையும் இரவுப் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாயின் மடிப்பும் தண்ணீரில் அதன் நிழலும் கோட்டுக்குக் கோடு ஒன்றுதான். ஆனால் காலையில் வானம் மஞ்சளாகப் பூத்து நீரில் கரைகிறது; இரவில் எல்லாம் நீலத்தில் அமிழ்ந்துவிடுகிறது. அந்தக் கரைதல் மையில் தானாக வருவதில்லை. ஈரப் பலகையில் தூரிகையால் வண்ணத்தை ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மெலிதாகவும் தடவி, தாளை வைத்துக் கையால் தேய்க்க வேண்டும், ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாக. எனக்கு இந்த வரிசையில் மூடுபனிதான் ஆகப் பிடித்தது.

யோஷிடா (1876–1950) முதலில் எண்ணெய் வண்ண, நீர்வண்ண ஓவியர். மர அச்சுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தார். 1925-இல் சொந்தப் பட்டறை தொடங்கி, செதுக்குபவரையும் அச்சிடுபவரையும் பக்கத்தில் நின்று மேற்பார்த்தார். அப்புறம் இந்தியாவுக்கும் வந்தார். மதுரைக் கோயிலை வைத்தும் ஒரு அச்சு செய்திருக்கிறார்.

வாங்கும் எண்ணம் இருந்தால் ஓரத்தில் ‘ஜிசுரி’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அவர் மேற்பார்வையில் அச்சானதற்கு அதுதான் அடையாளம்.