விளையாட்டும் உடலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: உதைபந்தாட்டத்தில் முன்கள வீரன் நான். வயது 22. ஏகாம்பரம் மைதானத்தில் வாரம் மூன்று நாள் பயிற்சி, அது முடிய ஐந்து சுற்று ஓட்டம். அப்படியிருந்தும் இந்த வருடம் இரண்டு தரம், இரண்டாம் பாதியில் வலது பின்தொடை பிடித்து வெளியே வந்துவிட்டேன். இன்னும் கூட ஓட வேண்டுமா?
– வாசகர், உவர்மலை

பதில்: ஓட்டத்தைக் கூட்ட வேண்டாம். பிடித்தது எது என்று முதலில் பாருங்கள். காலை நீட்டிவிட்டதும் சில நிமிடத்தில் விட்டுப்போனால் அது வெறும் தசைப்பிடிப்பு. மறுநாளும் ஒற்றை விரலை வைத்து ‘இந்த இடம்தான்’ என்று காட்டக்கூடிய நோவு இருந்தால் பெரும்பாலும் தசையில் கிழிவு. ‘டக்’கென்று ஏதோ அறுந்ததுபோல் இருந்து, நீலம் பாரித்து, நொண்டியும் நடந்தால் பிசியோவிடம் காட்டிய பிறகுதான் கீழே சொல்லும் பயிற்சி. முதல் இரண்டு நாள் தைலம் போட்டு உருவவும் கூடாது. எங்கள் ஊரில் முதலில் நடப்பது அதுதான்!

முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர் பின்தொடைத் தசை நீண்டுகொண்டே அந்தக் காலுக்குப் பிரேக் போடுகிறது. கிழிவு அதிகம் வருவது அந்தக் கணத்தில். நீளும்போது தாங்கும் அந்தப் பலம் களைப்பில் குறையும். இரண்டாம் பாதியின் கதை அதுதான். மைதானத்தை மெதுவாகச் சுற்றுவதால் அந்தப் பலம் வராது.

அதற்குரிய பயிற்சி ‘நோர்டிக்’. நோவு முழுதாக விட்ட பிறகு தொடங்குங்கள். மடித்த சாக்கின்மேல் முழந்தாளிடுங்கள். துணைக்கு இருப்பவர் உங்கள் கணுக்கால் இரண்டையும், குதிக்குச் சற்று மேலே, தன் உடற்பாரத்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கைப்பலம் மட்டும் போதாது, பாதியில் கால் கிளம்பிவிடும். முழங்காலிலிருந்து தோள் வரை ஒரே பலகைபோல வைத்து, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழுந்து, கையாலேயே தள்ளி எழும்புங்கள். எல்லோரும் விடும் பிழை, இடுப்பை மடித்துப் பின்பக்கத்தைத் தூக்குவது. அப்படிச் செய்தால் இலகுவாக இருக்கும், ஏனென்றால் தசை வேலை செய்யவில்லை.

முதல் வாரம் ஒரே நாள், 5 தரம் வீதம் 2 செற். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 தரம் வீதம் 2 செற். மூன்றாம் வாரம் மூன்று நாள், 6 முதல் 8 வரை 3 செற். நான்காவதில் 8 முதல் 10 வரை. ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை 12, 10, 8 என்று மூன்று செற். அதன்பின் வாரம் ஒரு நாள் போதும். முதல் நாளே 30 தரம் செய்து, இரண்டு நாள் கதிரையில் இருந்து எழும்ப முடியாமல், அத்தோடு விட்டவர்கள்தான் அதிகம். பந்துப் பயிற்சி முடிந்த பிறகு செய்யுங்கள். மட்ச்சுக்கு முந்திய இரண்டு நாளும் வேண்டாம்.

அந்த ஐந்து சுற்றுக்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள், நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 30 மீற்றரை ஆறு தரம் ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 நிமிடமாவது நிற்க வேண்டும். பயிற்சியில் ஒருநாளும் முழு வேகம் காணாத கால், மட்ச்சில் திடீரென்று அதைக் கண்டால் தாங்காது.

கேள்வி: கடற்கரை மணலில் தினமும் ஓடுகிறேன். ஜிம்முக்குப் போகாமல் கால் பலம் வருமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: மூச்சுக்கு நல்லது. மென்மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும். ஆனால் களைப்பு வேறு, பலம் வேறு. கால் மணலில் புதைவதால் தரையை உதைத்து எழும்பும் துள்ளல் குறைகிறது. குதிநாணுக்கும் கெண்டைக்காலுக்கும் சுமை ஏறுகிறது. புதிதாகத் தொடங்குபவர் 10 நிமிடத்தோடு நிறுத்த வேண்டும். அலை ஓரத்துச் சரிவில் ஒரே பக்கமாக ஓடினால் கடல்பக்கக் கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். போன தூரத்தைத் திரும்பியும் ஓடுங்கள்.

ஜிம் இல்லாவிட்டாலும் பாரம் வேண்டும். 5 லீற்றர் தண்ணீர்க் கானில் உலர்ந்த மணல் நிரப்பினால் சுமார் 8 கிலோ. ஈர மணல் அதைவிடக் கூட நிறுக்கும். கடைத் தராசில் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். கைக்கொன்றாகப் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்துப் பின்முழங்கால் தரைக்குக் கிட்ட வரும்வரை இறங்கி எழும்புங்கள். காலுக்கு 8 தரம், 3 செற், வாரம் இரண்டு நாள். கடைசியில் இன்னும் இரண்டு செய்யலாம் என்ற அளவில் நிறுத்துங்கள். 12 இலகுவாக வந்தால் பாரத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: மகளுக்கு 14 வயது, பாடசாலை வலைப்பந்து அணியில் இருக்கிறாள். பாரம் தூக்கினால் வளர மாட்டாள் என்று அப்பம்மா சொல்கிறார்.
– ஒரு தாய், பாலையூற்று

பதில்: அப்பம்மா பயப்பட வேண்டியதில்லை. சரியான முறையில், ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கச் செய்தால் உயரம் குறையாது. ஆபத்து, யார் கூடத் தூக்குவது என்று போட்டி போடுவதில்தான். தும்புத்தடியைத் தோளில் வைத்து 10 தரம் வீதம் 2 செற் குந்தி எழும்பட்டும். முழங்கால்கள் உள்ளே சாய்கின்றனவா என்று முன்னால் நின்று பாருங்கள். குதித்து இறங்கும்போதும் அதையே பாருங்கள். சாய்வு நிற்கும்வரை பாரம் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: கச்சான் காற்றுக்கால வெயிலில் பயிற்சி. எவ்வளவு தண்ணீர் குடிப்பது?
– வாசகர், மூதூர்

பதில்: பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், அடுத்த சில மணித்தியாலத்தில் ஒன்றரை லீற்றர், கொஞ்சம் கொஞ்சமாக, உப்புள்ள சாப்பாட்டோடு. நிறை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.