பெட்டியைக் கட்டச் சொன்ன கணவரும் சீட்டோடு கிளம்பிய மனைவியும்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். பாலக்காடு போனபோது 50 ரூபாய்க்கு வாங்கிய கேரளா லாட்டரியில் 1 கோடி விழுந்துவிட்டது. விளையாட்டாக மனைவியிடம், “லாட்டரி விழுந்திருச்சு, பெட்டியைக் கட்டு” என்றேன். “ஊட்டியா, கொடைக்கானலா?” என்றாள். “எங்கயாவது போ, என்னை விட்டாப் போதும்” என்றேன். நிஜமாகவே கட்டிக்கொண்டு ஏற்காடு நாகலூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், சீட்டையும் எடுத்துக்கொண்டு. அந்த 50 ரூபாய் அவள் சிறுவாட்டுப் பணமாம், பாதி வேண்டுமாம். 10 நாளாயிற்று. மாமியாரும் தூண்டிவிடுகிறார். திருட்டுப் புகார் கொடுக்கலாமா, விவாகரத்து கேட்கலாமா?

பதில்: மாமியார் என்ன சொன்னார், நீங்கள் சொன்னது விளையாட்டா வினையா, இதெல்லாம் இருக்கட்டும். சீட்டின் பின்பக்கத்தில் பெயர், முகவரி, கையெழுத்து எழுதியாகிவிட்டதா? அது காலியாக இருந்தால், உங்கள் மனைவி தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால் லாட்டரித் துறை அவரைத்தான் பார்க்கும். வாங்கியது நான்தான் என்று அப்புறம் நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை. பாலக்காட்டில் வாங்கியதால் தப்பித்தீர்கள். எங்கே, எப்போது வாங்கினீர்கள் என்று கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள்.

குலுக்கல் நாளிலிருந்து 30 நாளுக்குள் சீட்டைக் கொடுத்தாக வேண்டும். 10 நாள் போய்விட்டது. போலீசில் புகார் கொடுத்தால் சீட்டு வழக்குச் சொத்தாகி ஏதோ ஒரு அலமாரிக்குள் போய்விடும். குடும்பநல நீதிமன்றத்தில் தடை வாங்கினால் அடுத்த வாய்தாவே 30 நாளைத் தாண்டும். கோபத்தில் வழக்குப் போட்டுவிட்டு, கெடு முடிந்த வெறும் காகிதத்துக்காகச் சண்டை போடப்போகிறீர்கள். விவாகரத்து கேட்டாலும் பணம் மறையாது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேரும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-லேயே சொல்லிவிட்டது, இந்தப் பரிசும் அதில் வரும்.

கணவர் சம்பாதித்ததில் மனைவிக்குத் தானாகப் பாதி என்று நம் சட்டத்தில் கிடையாது, உண்மைதான். ஆனாலும் பாதி கொடுத்துச் சமாதானமாகப் போங்கள் என்றே சொல்வேன். ஆனால் எதில் பாதி என்பதில்தான் என்னிடம் வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். “ஆளுக்கு 50 லட்சம்” என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். 1 கோடியில் சீட்டு விற்ற ஏஜென்ட்டின் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 90 லட்சம். அதில் 30 சதவீதம் வரி பிடித்து 63 லட்சம் வங்கியில் விழும். அதுதான் முழுப்பணம் என்று நினைத்து வீடு, நகை என்று இறங்கிவிடுவார்கள். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால் வரியின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 4 சதவீதம் செஸ் என்ற இன்னொரு வரி, ஏறக்குறைய 3 லட்சத்து 89 ஆயிரம் பிறகு தனியாகக் கட்ட வேண்டும். வரி நோட்டீஸ் யார் பெயரில் பரிசு வாங்கப்பட்டதோ அவருக்குத்தான் வரும். மிச்சம் சுமார் 59 லட்சம். அவருக்கு 50 லட்சம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் கையில் 9 லட்சம்தான்.

அதனால் முத்திரைத்தாளில் “கமிஷனும் எல்லா வரியும் போக மிச்சத்தில் சரிபாதி” என்று எழுதுங்கள், யார் பெயரில் வாங்குவது என்பதையும் எழுதுங்கள், அந்தக் கையெழுத்துக்குப் பிறகே சீட்டின் பின்பக்கம் பேனா படட்டும். நீங்கள் மனைவிக்குக் கொடுப்பதற்கு அவர் வரி கட்ட வேண்டாம். ஆனால் அந்தப் பணத்தை அவர் வங்கியில் போட்டால் வரும் வட்டி வரிக்கு உங்கள் வருமானத்தோடுதான் சேரும், இதையும் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, யாராவது புரோக்கர் வந்து, கூடுதல் விலை தருகிறேன், சீட்டை என்னிடம் கொடு என்றால் வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். கறுப்பை வெள்ளையாக்கும் ஆட்கள் அவர்கள், பிடிபடும்போது உங்கள் பெயரும் சேர்ந்து வரும்.

சீட்டை மடிக்கவோ லேமினேட் செய்யவோ கூடாது, பார்கோடு கெட்டால் பரிசு கிடையாது என்று இன்றே மனைவிக்கு போன் போட்டுச் சொல்லுங்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாகலூர் போங்கள், வக்கீல் நோட்டீஸ் எதுவும் அனுப்பாமல்.