பழங்களின் நிறம் முதியோருக்கு என்ன தருகிறது? – கேள்வி பதில்

அறுபதைக் கடந்தவர்களும் அவர்களைப் பராமரிக்கும் பிள்ளைகளும் கேட்டிருந்த கேள்விகளுக்கு, உணவியலில் நீண்டகாலம் பணியாற்றியவன் என்ற வகையில் பதிலளிக்கிறேன்.

நல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: ஐயா, கடும் நிறமுள்ள பழங்கள் வயதானவர்களுக்கு நல்லவை என்கிறார்கள். நிறத்துக்கும் உடல்நலத்துக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

அம்மா, நம்மூர்ப் பழங்களின் நிறங்களில் பெரும்பாலானவை இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பப்பாசி, பலா, பனம்பழம் ஆகியவற்றின் மஞ்சளும் செம்மஞ்சளும் கொழுப்பில் கரையும் கரோட்டின் வகைகளால் வருகின்றன. நாவற்பழம், கறுப்பு முந்திரிகைப்பழத்தின் (திராட்சையின்) தோல், மாதுளை முத்து ஆகியவற்றின் ஊதாவையும் சிவப்பையும் தருபவை நீரில் கரையும் அந்தோசயனின்கள்.

கரோட்டின் வகைகளிற் சில உடலில் விற்றமின் ஏ ஆக மாறுகின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த லூற்றீனும் சியாசாந்தினும் விழித்திரையின் நடுப்பகுதியில் படிந்து, நீல ஒளியை உறிஞ்சி அவ்விடத்தைக் காக்கின்றன. அந்தோசயனின்களோ உண்ட அளவில் மிகச் சிறு பங்கே மாறாமல் இரத்தத்தை அடைகின்றன. எஞ்சியவற்றைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சிறு சேர்மங்களாக உடைக்கின்றன, நன்மையிற் பெரும்பகுதி அச்சேர்மங்களால்தான் விளைகிறது என்று இன்று கருதப்படுகிறது. குடல் நலமாக இருப்பதும் நார்ச்சத்து உண்பதும் இதனாலேயே முக்கியமாகின்றன.

கனடாவிலிருந்து ஒரு மகன்: கோப்பாயில் இருக்கும் அம்மாவுக்கு நினைவு மங்குகிறது. இங்கிருந்து உலர்ந்த புளூபெரி அனுப்பினால் பலன் கிடைக்குமா?

தம்பி, 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 16,010 பெண்களுள் புளூபெரியும் ஸ்ரோபெரியும் அதிகம் உண்டவர்களுக்கு நினைவாற்றல் குறைவது சுமார் இரண்டரை ஆண்டுகள் வரை பிந்தியிருந்தது. ஆனால் அது உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்து செய்த ஆய்வு. அத்தகைய பழங்களை உண்பவர்கள் நடைப்பயிற்சியிலும் வருமானத்திலும் வேறுபட்டவர்களாக இருக்கக்கூடும், அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு முழுமையாக நீக்கிவிட முடியாது. இழந்த நினைவை எந்தப் பழமும் மீட்டுத் தராது. முதலில் அம்மாவை வைத்தியரிடம் காட்டச் செய்யுங்கள். தைரொயிட்டுக் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்ற குணப்படுத்தக்கூடிய காரணங்களாலும் நினைவு மங்கலாம். உலர்ந்த புளூபெரியிற் பெரும்பாலும் சீனி சேர்த்திருப்பார்கள். அதே நிறக் குடும்பம் நாவற்பழத்திலும் உண்டு. அந்தப் பணத்தில் அம்மாவுக்கு வாரந்தோறும் சந்தையிற் பழம் வாங்கிக் கொடுக்க ஒருவரை ஒழுங்குசெய்வது மேல் என்பது என் கருத்து.

இணுவிலிலிருந்து ஒருவர்: எனக்குச் சலரோகம் உண்டு. முந்திரிகைச் சாறு குடிக்கலாமா?

சாறாகக் குடிப்பதைத் தவிருங்கள். 2013 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், முந்திரிகை, அப்பிள், புளூபெரி ஆகியவற்றை முழுப்பழமாக உண்டவர்களுக்குச் சலரோக வாய்ப்புக் குறைவாகவும், பழச்சாறு குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. தோலோடு சில பழங்களை மென்று உண்ணுங்கள். நாவற்கொட்டைத் தூளை நம்பிக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு விழித்திரை நோய் என்றார்கள். முன்பு நிறையச் சுருட்டுப் புகைத்தவர். மருந்துக்கடையில் விற்கும் கரோட்டின் குளிசை கொடுக்கலாமா?

பிள்ளை, தயவுசெய்து அதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். 1994 இல் பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 இற்கும் அதிகமான ஆண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளியானது. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை, மாறாக ஏறத்தாழ 18 சதவீதம் கூடியது. நிறப்பொருளைப் பழத்திலிருந்து பிரித்துப் பெரும் அளவிற் செலுத்தினால் அது வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பப்பாசியோ மாம்பழமோ உண்பவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

பின்னர் அமெரிக்காவில், வயது முதிர்வால் விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோயுள்ளவர்களிடம் நடத்தி 2013 இல் முடிவு வெளியான சோதனையில், பீற்றா கரோட்டினுக்குப் பதிலாக 10 மில்லிகிராம் லூற்றீனும் 2 மில்லிகிராம் சியாசாந்தினும் சேர்த்த கலவை, புகைத்தவர்களுக்குப் பாதுகாப்பான மாற்றாக அமையும் என்று கண்டார்கள். அந்தக் கலவையும் நோய் நடுத்தர நிலையை அடைந்தவர்களில் அது முற்றும் வேகத்தைக் குறைப்பதற்கே உதவும்; ஆகவே நோயின் நிலையைக் கண் வைத்தியரிடம் கேட்டறிந்து முடிவுசெய்யுங்கள். உணவில் முருங்கையிலை, பொன்னாங்காணி, முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றைச் சேருங்கள். லூற்றீனைப் பொறுத்தவரை கீரைகள் பழங்களைவிட வளமானவை.

சுன்னாகத்திலிருந்து ஓர் அம்மா: நாளும் பப்பாசி உண்கிறேன், உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. மஞ்சட்காமாலையா?

வெண்விழியைப் பாருங்கள். காமாலையில் அதுவும் மஞ்சளாகும். கரோட்டின் மிகுந்தால் தோல் மட்டுமே மஞ்சளாகும், பழத்தைக் குறைத்தால் சில வாரங்களில் மாறிவிடும். கண்ணும் மஞ்சளாக இருந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஒருவர்: பனம்பழத்தின் நிறம் பனாட்டில் எஞ்சியிருக்குமா?

ஒரு பகுதி எஞ்சும். கரோட்டின் வகைகள் வெயிலிலும் காற்றிலும் சிதைபவை என்பதால், பாயில் பல நாட்கள் காயும் களி தன் நிறச்சத்திற் கணிசமானதை இழக்கிறது. அதே வேளையில் நீர் வற்றுவதால் இனிப்புச் செறிகிறது. கரோட்டின் குடலில் உறிஞ்சப்படுவதற்குச் சிறிதளவு கொழுப்பு வேண்டும் என்பதால், மாம்பழத்தையோ பப்பாசியையோ வெறுவயிற்றில் உண்பதைவிடச் சொதியோடு சோறு உண்டபின் உண்பது பயன் தரும். பனங்காய்ப் பணியாரத்தில் எண்ணெய் ஏற்கனவே உண்டு, ஆனால் அதைச் சலரோகக்காரருக்கும் இதய நோயாளருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மானிப்பாயிலிருந்து ஒருவர்: சிறுநீரகம் பலவீனமான என் அண்ணருக்கு இவையெல்லாம் பொருந்துமா?

எல்லாம் பொருந்தாது. சிறுநீரகம் தளர்ந்தவரின் இரத்தத்தில் பொட்டாசியம் தேங்கி இதயத்துடிப்பைக் குலைக்கலாம்; வாழைப்பழம், பலாப்பழம், மாதுளை போன்றவற்றை எவ்வளவு உண்ணலாம் என்பதை அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவரது வைத்தியரே சொல்ல வேண்டும்.