வற்றிய குட்டையில் உறங்கும் கொட்டி: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்து அன்பர்கள், கொட்டி என்னும் நீர்ச்செடியையும் அதன் கிழங்கையும் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, தமிழ்ப்பள்ளியில் அறிவியல் போதித்து ஓய்வுபெற்ற ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, பஞ்ச காலத்தில் ஊர்க்குளத்தில் தோண்டி அவித்துத் தின்ற கொட்டிக்கிழங்கைப் பற்றி என் பாட்டி தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அடிக்கடி சொல்லுவார். எங்கள் தோட்டத்துக் கால்வாயில் நீலப் பூ பூக்கும் செடி அதுதானா?

பதில்: இல்லை அம்மா. நீரின்மேல் நிமிர்ந்து நிற்கும் இதயவடிவ இலையும் நீலப் பூவும் இருந்தால், அது பெரும்பாலும் மலாய்க்காரர்கள் கெலாடி என்று பெயர்சேர்த்துச் சொல்லும் செடிகளுள் ஒன்றாகவே இருக்கும். காம்பு பஞ்சுபோல் உப்பி, வேர் மண்ணைத் தொடாமல் மிதந்தால் அது ஆகாயத்தாமரை. கொட்டியின் இலை நீண்டது. நீர்ப்பரப்பில் படுத்துக் கிடக்கும். நடுநரம்புக்கு இணையாகச் சில நரம்புகள் ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். சேற்றிலுள்ள கிழங்கிலிருந்து எழும் தனிக் காம்பின் நுனியில் வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்த சிறு பூக்கள் கதிராக நிற்கும். இந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். தாவரவியலார் இதை அபோனோஜெட்டான் நாட்டன்ஸ் என்பர். இதன் உறவான இன்னொரு கொட்டியை இலங்கைச் சிங்களவர் கெகட்டிய என்று அழைத்துக் கறியாக்கி உண்கிறார்கள்.

கேள்வி: உறவுக்கு உவமையாக மூதுரை கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் சொல்கிறது. மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது? நான் தமிழாசிரியை.

பதில்: குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவையைப் போன்றவர் உறவல்லர், அங்கேயே ஒட்டிக் கிடக்கும் இச்செடிகளைப் போன்றவரே உறவு என்பது ஔவையார் கூற்று. இதை வெறும் உவமையாகக் கற்பிக்காதீர்கள் அம்மா. இது கண்ணால் கண்ட செய்தி. தமிழகத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை குளங்குட்டைகளை நிரப்புகிறது. கோடையில் பல குட்டைகள் பாளம் பாளமாக வெடித்துவிடும். அப்போது கொட்டியின் இலைகள் கருகி மறைய, மழைக்காலமெல்லாம் சேர்த்துவைத்த மாவுச்சத்துடன் கிழங்கு மட்டும் சேற்றுக்குள் உறங்குகிறது. மறுமழையில் குட்டை நிறைந்ததும் அதே இடத்தில் தளிர்க்கிறது. ஆம்பலும் நெய்தலும் தம் கிழங்குகளால் இவ்வாறே தங்குகின்றன. செடி போய்விட்டது என்று நாம் எண்ணும் நாளிலும் அது அங்கேயேதான் இருக்கிறது என்பதை உங்கள் மாணவர்கள் ஒரு தொட்டியில் கண்ணால் காண முடிந்தால், அந்த வெண்பாவை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: அண்ணே, ஈப்போவில் மீன்தொட்டிக் கடையில் கொட்டிக்கிழங்கு வாங்கி நட்டேன். ஏழு மாதம் செழிப்பாக இருந்து, இப்போது இலையெல்லாம் கரைந்துவிட்டது. தூக்கி எறிந்துவிடலாமா?

பதில்: எறியாதீர்கள் தம்பி! என் முதல் கிழங்கை இப்படித்தான் நான் எறிந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. கிழங்கை எடுத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். கூழாகி நாற்றமடித்தால் அழுகிவிட்டது. கெட்டியாக இருந்தால் உறங்குகிறது. ஆண்டு முழுதும் மழை பெய்யும் நம் பேராக்கில் குட்டை வற்றும் பருவத்தை அச்செடிக்கு நாமே உண்டாக்கித் தர வேண்டும். இலைகளை நீக்கி, ஈரமணல் நிரப்பிய கிண்ணத்தில் கிழங்கைப் புதைத்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் இரண்டு மாதம் வையுங்கள். மணல் முற்றிலும் காய்ந்துவிடக் கூடாது. பிறகு களிமண் கலந்த மண்ணில், முளைப்பகுதி வெளியே தெரியும்படி நட்டு, ஒரு சாண் நீர் விடுங்கள். முழுதும் புதைத்தால் அழுகும். கடைக்கிழங்குகளில் பல கலப்பினம் என்பதால், இலையின் வடிவம் நான் மேலே சொன்னதிலிருந்து சற்று மாறலாம். அதனால் குறையொன்றும் இல்லை.

கேள்வி: வாசலில் தொட்டி வைத்தால் கொசு வராதா?

பதில்: கப்பி மீன் நான்கைந்து விடுங்கள், கொசுப் புழுக்களைத் தின்றுவிடும். கிழங்கு மணலில் உறங்கும் ஓய்வுக்காலத்தில் தொட்டி நீரைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்துக் கால்வாயிலோ ஈயம் தோண்டிய பழைய ஈயக்குட்டையிலோ நட்டுக் கிழங்கெடுத்து உண்ணலாமா ஐயா?

பதில்: வேண்டாம். கொட்டி ஆழமில்லாத, வற்றக்கூடிய நீரைச் சார்ந்தது. ஆழமான ஈயக்குட்டை அதற்கு ஒத்துவராது, உள்ளே இறங்குபவரின் உயிருக்கும் ஆபத்து. கால்வாய் நீரிலோ மரத்தடியில் தெளித்த களைக்கொல்லி மழையில் வந்து சேர்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது என்றாலும், வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. பல்லாண்டு மருந்தடித்து உழைத்த நம் பெண்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் இத்தகைய சேற்றில் வெறுங்காலோடு நிற்பவரைத் தாக்கும். மேலும், அயல்நாட்டுச் செடியைப் பொது நீர்நிலையில் விடுவது தவறு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் ஆறுகளை அடைத்ததைக் கண்டிருக்கிறோம். உண்ண விரும்பினால் வீட்டுத் தொட்டியில் நல்ல மண்ணிலும் நீரிலும் வளர்த்து, தோல் நீக்கி அவித்து உண்ணுங்கள். கடையில் அழகுக்காக விற்கும் கிழங்கை நேரே சமைக்காதீர்கள், அதில் என்ன மருந்து இட்டிருப்பார்களோ!

கேள்வி: விதையிலிருந்து வளர்க்க முடியுமா?

பதில்: முடியும். கதிர் நீருக்குமேல் விரிந்த நாள்களில் மென்மையான தூரிகையால் பூக்களை மேலும் கீழுமாக வருடுங்கள். காய் முதிர்ந்ததும் விதைகள் கழன்று சிறிது நேரம் மிதந்து, பின் மூழ்கிவிடும். மிதக்கும்போதே வடிகட்டியால் அள்ளிக்கொள்ளுங்கள். கிழங்கைப் போல விதைக்கு உறக்கம் கிடையாது; காயவைத்தால் செத்துவிடும். எனவே காகிதத்தில் மடித்து உறவினருக்கு அனுப்ப எண்ணாமல், அள்ளிய அன்றே விரலளவு நீருள்ள தட்டில் சேற்றின்மேல் தூவிவிடுங்கள்.