வியாசர்பாடிக்கு வேன்: என்ன ஏற்றுவது?

வடசென்னை வியாசர்பாடியில் மழை வெள்ளத் தண்ணீர் வடிந்த மறுநாள் கோவையிலிருந்து வேனில் சாப்பாட்டுப் பொட்டலமும் பழைய துணியும் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே வேண்டாம் நண்பரே. அவ்வளவு தூரத்தில் சாப்பாடு ஊசிப்போகும். சமைத்த உணவை மாநகராட்சியும் பக்கத்துத் தெருக்காரர்களும் எப்படியும் தருவார்கள். பழைய துணி தெருவோரம் குவிந்து, அடுத்த நாள் குப்பை லாரிக்கு வேலை வைக்கும்.

வீட்டுக்குள் சாக்கடை கலந்த தண்ணீர் நின்றிருக்கிறது. அதனால் பாய், போர்வை, புது உள்ளாடை, நாப்கின், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், கொசுவத்தி கொண்டுவாருங்கள். குழந்தைகளுக்கு ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட் நிறைய வேண்டும். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். எலிக்காய்ச்சல் மாத்திரையை மட்டும் நீங்களாக விநியோகிக்காதீர்கள், அது மருத்துவ முகாம் வேலை.

வேனை மெயின் ரோட்டில் நிறுத்தினால் பலசாலிகள்தான் வாங்குவார்கள், உள் சந்துக்கு ஒன்றும் போகாது. முதலில் அந்தத் தெரு மகளிர் சுயஉதவிக் குழு அக்காக்களைப் பிடியுங்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை, எங்கே படுத்த படுக்கையாகப் பெரியவர் என்பது அவர்களுக்குத் தெரியும். முந்தின நாளே டோக்கன் கொடுத்துவிட்டால் தள்ளுமுள்ளு குறையும். போட்டோவா? வாங்குபவர் முகத்தை எடுக்காதீர்கள், ப்ளீஸ்.

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பெருமழைக்கு மூழ்கும். கிளம்பும் முன் சென்னை மாநகராட்சி உதவி எண் 1913-க்கு அடித்து வழி கேளுங்கள்.

அப்புறம், எண்ணூர்ப் பக்கம் போவதானால் மீனவர்களிடம் தேவையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் அங்கே எண்ணெய்ப் படலம் படகையும் வலையையும் பாழாக்கியது. அரிசி மூட்டையால் அது தீரவில்லை.